பிற்பகலில் மட்டும் ஏறிய துத்தநாகம்

1. கூரைத் தகரம்

"ஒங்க லேடீஸ் வார்டு பேஷண்டெல்லாம் வீட்டுக் கூரைத் தகரத்தப் பிச்சுத் தின்னுட்டா வந்து படுத்திருக்காக?"

டாக்டர் ஷாஹிதாவிடம் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் கேட்ட கேள்வி இது. அதை என்னிடம் அப்படியே ஒப்பித்துவிட்டு, கையிலிருந்த தாளை என் மேசைமேல் வைத்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தாளின் ஓரம் அவர் விரல்களில் கசங்கியிருந்தது.

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்காகச் சற்று விளக்கிவிட்டுத் தொடர்கிறேன். தேனி மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோராண்டு லேப் டெக்னீஷியனாகப் பணியாற்றி, இரண்டாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்கு முந்தைய ஆண்டில், பொது மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த உத்தமபாளையத்துப் பெண்ணான டாக்டர் ஷாஹிதா, தம் தீசிஸுக்காக ஒரு பொருளை எடுத்துக்கொண்டார். வைரஸ் காய்ச்சலோடு வந்து படுக்கையில் சேரும் நோயாளிகளுக்கு முதல் நாள் ரத்தத்தில் துத்தநாகம், அதாவது சிங்க், எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. பிறகு அவர்கள் எத்தனை நாள் படுத்திருக்கிறார்கள், யார் தீவிரச் சிகிச்சைக்குப் போகிறார்கள், யார் விரைவில் வீடு திரும்புகிறார்கள் என்று தொடர்ந்து குறித்து வருவது. குறைந்த சிங்க் உள்ளவர்கள் அதிகம் அவதிப்படுகிறார்களா என்பதே அவருடைய கேள்வி.

அதற்கென்று நீல மூடி போட்ட தனிக் குழாய்கள் வந்தன. சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலேயே சிங்க் உண்டு. அது ரத்தத்தில் கசிந்தால் கணக்குக் கெட்டுவிடும். பரிசோதனைக்கான கிட் வந்தது. சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஆண்கள் வார்டு என் ஆய்வகத்துக்கு அடுத்த கட்டடம். அங்கிருந்து காலை எட்டரைக்கெல்லாம் ரத்தம் வந்துவிடும். வந்தவுடன் சோதித்து முடித்துவிடுவேன். பெண்கள் வார்டு வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கே ஒன்பது மணிக்கு மேல் ரத்தம் எடுத்து, கொண்டுவர ஆள் கிடைத்து, குழாய்கள் என்னிடம் வந்து சேரப் பதினொன்று ஆகிவிடும். அவற்றைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, தெளிந்த சீரத்தை ஒவ்வொருவருக்கும் இரண்டு சிறு குழாய்களில் பிரிப்பேன். ஒன்றை இறுக மூடி அப்போதே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். அது பின்னால் தேவைப்பட்டால் எடுப்பதற்கு. மற்றொன்றையும் மூடி வைத்துவிட்டு, உணவுக்குப் பின் திறந்து வரிசையாக நிறுத்திச் சோதிப்பேன்.

இந்த ஏற்பாட்டில் மூன்று மாதம் ஓடிற்று. ஆண்கள் வார்டு அளவுகள் ஒழுங்காக இருந்தன. பெண்கள் வார்டில்தான் விந்தை. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த பெண்களுக்கும், நல்ல உடம்போடு உலாவும் எங்கள் ஊழியர்களைவிட இருமடங்கு சிங்க் காட்டியது. பேராசிரியர் கூரைத் தகரத்தை இழுத்தது அதனால்தான். அந்தத் தகரத்தின்மேல் மின்னும் பூச்சு துத்தநாகம் அல்லவா?

"பத்து நாள் டைம் குடுத்திருக்காக அய்யா. காரணம் சொல்லணும். இல்லேன்னா இத மூட்ட கட்டிட்டு வேற தலைப்பு எடுக்கச் சொல்லிட்டாக," என்றார் ஷாஹிதா. "வேற தலைப்புன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். என் பேட்ச்சு பூராம் பரீட்ச எழுதிட்டுப் போயிரும். நா மட்டும் ஆறு மாசம் பின்னால கெடப்பேன். அத்தாகிட்ட என்னத்தச் சொல்றது?"

"பிழை என் ஆய்வகத்தில் இராது அம்மா," என்றேன் நான்.

அந்தச் சொல்லை அத்தனை உறுதியாகச் சொன்னேன் என்பதை இளையவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. என் பட்டியல்

உறுதிக்குக் காரணம் இருந்தது. நாள்தோறும் காலையில் வேலை தொடங்கும்போது கண்ட்ரோல் சீரம் ஒன்றைச் சோதிப்பேன். அதில் எவ்வளவு சிங்க் இருக்க வேண்டும் என்று தயாரித்தவர்களே எழுதியிருப்பார்கள். மூன்று மாதமும் அது ஒரு நாள்கூடப் பிசகவில்லை. கருவி சரி, கிட் சரி, என் கை சரி.

என் வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். காலை நீராடி, திருநீறு தரித்து, அல்லிநகரத்திலிருந்து முதல் பேருந்தில் வந்துவிடுவேன். நண்பகல் உணவுக்குப் பின் கைகால் கழுவி, மேசை இழுப்பறையில் இருக்கும் சம்புடத்தைத் திறந்து மறுபடியும் நீறு பூசிக்கொண்டுதான் குழாயைத் தொடுவேன். ரீஏஜென்ட் ஊற்றினால் நிறம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு நான் கடிகாரம் பார்த்ததில்லை. ஒரு பதிகத்தைப் பத்துப் பாட்டும், பலன் சொல்லும் பதினோராம் பாட்டுமாக மெல்ல ஓதி முடித்தால் நேரம் மிகச் சரியாக இருக்கும். நோயாளியின் பெயர் எழுதிய குழாய்முன் நின்று ஓதுவதால் அது அவருக்கான வேண்டுதலும் ஆகும் என்பது என் எண்ணம். வேலையும் வழிபாடும் ஒரே மேசையில் நடந்ததை நான் பெரும் பேறாகக் கருதினேன், இன்றும் கருதுகிறேன்.

ஆகவே பிழையை வெளியில் தேடினேன். ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்: கையுறை, பஞ்சு, ஸ்பிரிட், ஊசி, குழாய், குழாயைத் தூக்கி வரும் தட்டு. இவற்றுள் கையுறையின் மேல்தான் என் ஐயம் விழுந்தது. சில கையுறைகளின் உட்புறப் பவுடரிலும் சிங்க் கலந்திருக்கும் என்று படித்திருந்தேன். பெண்கள் வார்டில் ரத்தம் எடுப்பவர் ஒருவரே: ஸ்டாஃப் நர்ஸ் ஜெசிந்தா. ராயப்பன்பட்டிக்காரர், நாற்பது வயது இருக்கும். கையும் வேகம், வாயும் வேகம்.

அன்றே அவரை வழியில் நிறுத்திக் கேட்டேன். "சிஸ்டர், நீங்கள் போடும் கிளவுஸில் பவுடர் இருக்கிறதா?"

"பவுடர் இல்லாத கிளவுஸ்தான் அய்யா. டாக்டரம்மா தனியா வாங்கிக் குடுத்திருக்காக."

"சரி. கையில் ஏதாவது கிரீம், பவுடர்..."

"கையில பவுடர் பூசிக்கிட்டு வர நா என்ன கல்யாணத்துக்கா வாறேன்?" என்றார். பிறகுதான் என் கேள்வியின் உள்நோக்கம் அவருக்குப் பட்டது. முகம் மாறிற்று. "ஓ. தப்பு எங்கிட்டன்னு சொல்ல வாறீக."

"நான் அப்படிச் சொல்லவில்லை..."

"சொல்லுங்க, தப்பில்ல. ஆனா ஒரு நா நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. ஊசியப் பாத்து மயக்கம் போட்டு மட்டும் விழுந்துராதீக. பெட்டு காலி இல்ல."

போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் போவதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிட்டேன். 'பிழை ரத்தம் சேகரிக்கும் இடத்திலேயே நேர்கிறது' என்று ஒரு குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டு டாக்டர் ஷாஹிதாவிடம் கொடுத்தேன். பேராசிரியருக்குப் பதிலோடு அதை இணைக்கலாம் என்றேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். கோப்பில் வைத்தார். பத்து நாளில் நான்கு போயிருந்தது.

3. பேச்சியம்மாளின் மண் பாடம்

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெண்கள் வார்டில் போய் நின்றேன். ஜெசிந்தா எனக்காகவே ஒவ்வொரு செயலையும் வாயால் சொல்லிச் செய்தார். "கை கழுவியாச்சு அய்யா. கிளவுஸ் புதுசு அய்யா. ஸ்பிரிட் காயுது அய்யா. பாத்துக்கிட்டீகளா?" நீல மூடிக் குழாயில் ரத்தம் இறங்கியது. பழுது சொல்ல ஓரிடமும் இல்லை.

அடுத்த கட்டிலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த அம்மையார் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். குச்சனூர்ப் பக்கத்தவர், பெயர் பேச்சியம்மாள். ஒன்றரை ஏக்கர் நெல்லும் அரை ஏக்கர் பன்னீர்த் திராட்சையும் தாமே நின்று பார்க்கும் விவசாயி. கடுங்காய்ச்சலோடு வந்து ஆறாம் நாள். அன்றுதான் எழுந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் தாளில் மிக அதிகச் சிங்க் காட்டியவர்களுள் இவரும் ஒருவர் என்பது எனக்கு நினைவு வந்தது.

"ஏம்மா ஜெசிந்தா, மொத நா இந்த ரத்தத்த எடுக்கற வரைக்கும் இட்லியக் கண்ணுல காட்ட மாட்டேங்குறீகளே, அதுல அப்பிடி என்னத்தத்தான் பாக்குறீக?"

"சிங்க்கு ஆத்தா. துத்தநாகம்."

பேச்சியம்மாள் நிமிர்ந்தார். "சிங்க்கா? அது நெல்லுக்குல்ல போடுறது? நடவுக்கு முன்னால சிங்க் சல்பேட்டு போடாட்டி எல பூராம் துருப்புடிச்ச மாதிரி ஆகிப்போகும். மனுசருக்குமா அது கொறையும்?"

"குறையும் அம்மா," என்றேன் நான். "ஆனால் உங்கள் வார்டில் குறையவில்லை, ஏறிக் கிடக்கிறது. ஏன் என்று தெரியாமல்தான் இங்கே நிற்கிறேன்."

"சாம்பிள் எடுத்ததுல தப்பாயிருக்கும்," என்றார் அவர், பளிச்சென்று.

ஜெசிந்தா இடுப்பில் கைவைத்தார். "நீங்களுமா ஆத்தா?"

"ஒன்னயச் சொல்லல, சும்மா கெட. எங்க மண்ணு டெஸ்ட்டுக்கு அக்ரி ஆபீசர் என்ன சொல்லுவாருன்னா, சிங்க் பாக்கணும்னா தகர வாளியில மண்ணள்ளாத, பிளாஸ்டிக்குல அள்ளு. உரச் சாக்குல போடாத. வரப்போரம் எடுக்காத. எருக்குழி பக்கம், சாம்பக் கொட்டுன எடம், அங்கன எல்லாம் எடுக்கவே எடுக்காத. இம்புட்டுப் போல ஒட்டியிருந்தாலும் கணக்கத் தூக்கிரும்பாரு."

"இங்கே எருக்குழியும் இல்லை, சாம்பலும் இல்லை அம்மா," என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். "அப்ப ஒங்க நெத்தியில இருக்கறது என்னய்யா?"

ஜெசிந்தா குழாயைத் தூக்கிப் பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின.

எனக்குச் சற்று உறைத்ததுதான். "அம்மா, இது திருநீறு," என்றேன்.

"நானுந்தேன் பூசுறேன். இல்லன்னா சொன்னேன்? சாணியச் சுட்டுத்தான எடுக்குறாக? மாட்டுக்கு நாம தாது உப்பு குடுக்குறோம். அந்தப் பாக்கெட்டுல சிங்க்குன்னு போட்டிருக்கு. மாடு தின்னது சாணியில வராம எங்கன போகும்?"

அந்தத் தர்க்கத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஆனாலும் விடை இருந்தது. "இது உதிராது அம்மா. தண்ணீரில் குழைத்துப் பூசியது. பாருங்கள்." நெற்றியின் ஓரத்தை விரலால் தேய்த்து, விரலைக் காட்டினேன். ஒரு பொடிகூட ஒட்டவில்லை.

"ஆமா, உதிரல," என்று ஒப்புக்கொண்டார் பேச்சியம்மாள். "அப்ப வேற என்னமோ. போயி நல்லாத் தேடுங்க."

வாதத்தில் வென்ற மகிழ்ச்சியோடு வெளியே வந்தேன். நீண்ட தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்திருப்பேன். கால் தானாக நின்றுவிட்டது.

தண்ணீரில் குழைத்துப் பூசியது. ஆம், காலையில்.

எங்கள் முறை இது: காலையில் திருநீற்றை நீரில் குழைத்து மூன்று கீற்றாகத் தரிக்கலாம். ஆனால் சமய தீட்சை பெறாதவர்கள் நண்பகலுக்குப் பின் நீர் கலவாமல், பொடியாகவே பூச வேண்டும். நான் தீட்சை பெற்றவன் அல்லன். எனவே முறை தவறாதவனாக, உணவுக்குப் பின் ஒவ்வொரு நாளும் சம்புடத்திலிருந்து உலர்ந்த நீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, மூடி திறந்த குழாய்களின் வரிசைமேல் குனிந்து நின்றிருக்கிறேன். ஆண்கள் வார்டுக் குழாய்கள் காலையில். பெண்கள் வார்டுக் குழாய்கள் பிற்பகலில். பிசகாத என் கண்ட்ரோலும் காலையில்.

குனிந்தது மட்டுமா? பதினொரு பாட்டு ஓதியிருக்கிறேன், தலையை அசைத்து அசைத்து.

4. தண்ணீருக்கு வந்த துத்தநாகம்

ஐயம் வேறு, நிரூபணம் வேறு. ஆய்வகத்தில் இதற்கு எளிய வழி உண்டு, பிளாங்க் என்போம். ஒன்றுமே இல்லாத தூய நீரை, நோயாளியின் சீரம்போலவே நடத்திச் சோதிப்பது. அதில் ஏதாவது வந்தால், அது நாம் கொண்டுவந்தது.

அன்று பிற்பகல் டாக்டர் ஷாஹிதாவை வரச் சொன்னேன். பத்துக் குழாய்களில் வாலை வடிநீர் ஊற்றினேன். முதல் ஐந்து குழாய்களைத் திறந்தபோது, அறுவை அரங்கில் வாங்கி வந்த பச்சைத் துணித் தொப்பியைப் புருவம்வரை இழுத்து நெற்றியை மூடிக்கொண்டேன். அவற்றை முடித்து அப்பால் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, வழக்கம்போல் பொடியாக நீறு பூசி, அடுத்த ஐந்தைத் திறந்து, ரீஏஜென்ட் ஊற்றி, பதிகத்தைத் தொடங்கினேன்.

"என்ன அய்யா முணுமுணுக்குறீக?" என்றார் ஷாஹிதா.

"நேரம் பார்க்கிறேன் அம்மா."

அவர் ஒன்றும் புரியாமல் ஸ்டூலில் அமர்ந்தார். பதினோராம் பாட்டு முடிந்தது. கருவியில் ஒவ்வொன்றாக வைத்தேன். தொப்பியோடு திறந்த ஐந்திலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொப்பியில்லாத முதற்குழாயில், வெறும் தண்ணீருக்கு, நல்ல உடம்புக்காரரின் அளவு சிங்க் வந்தது. இரண்டாவதில் அதைவிட அதிகம். பிறகு குறைந்துகொண்டே போய், ஐந்தாவதில் கொஞ்சம். உதிரவேண்டியது முதலிலேயே உதிர்ந்துவிட்டதுபோலும். நீற்றில் இருந்த சிங்க் எவ்வளவு, அதன் கலங்கல் கூட்டிக் காட்டியது எவ்வளவு என்று நான் பிரித்தறியவில்லை. இரண்டும் என் நெற்றியிலிருந்து வந்தவை என்பது மட்டும் உறுதி.

ஷாஹிதா எண்களைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார். பயனில்லை, சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அய்யா, மன்னிச்சுக்கங்க... அப்ப என் தீசிஸக் கெடுத்தது ஒங்க சாமியா?"

"சாமி இல்லை அம்மா, நான்," என்றேன். "அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு குழாயை மூடாமல் நின்றது நான்தான்."

சொல்லும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதமாக ஒரு பெண்கள் வார்டு முழுவதற்கும், அவர்கள் அறியாமலே, கண்ணில் படாத அளவில் திருநீறு இட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ரத்தத்திலேயே இட்டிருக்கிறேன். முப்பது ஆண்டில் இத்தனை மனம்விட்டு அந்த அறையில் நான் சிரித்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஷாஹிதாவின் முகத்தில் பழைய கவலை வந்து குந்தியது. "ஆனா அந்த மூணு மாசத்து சாம்பிளெல்லாம் போச்சே அய்யா."

"போகவில்லை," என்றேன். இதைச் சொல்லத்தான் அவரை அழைத்தேன். "ஒவ்வொருவருக்கும் மற்றொரு குழாய் ஃப்ரீசரில் இருக்கிறது. அதைப் பதினொரு மணிக்குப் பிரித்த கையோடு மூடிவிட்டேன். அப்போது என் நெற்றியில் இருந்தது குழைத்த நீறு. அதற்குப் பிறகு அவற்றை யாரும் திறக்கவில்லை."

அவர் எழுந்து நின்றார். ஃப்ரீசர் இருந்த பக்கம் திரும்பினார். பிறகு தம் கோப்பைத் திறந்து, நான் கையொப்பமிட்ட குறிப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத நா அனுப்பல அய்யா. ஜெசிந்தா சிஸ்டரப் பத்தி எனக்குத் தெரியும்."

அந்தத் தாளை நான்காகக் கிழித்தேன். அடுத்து நான் போகவேண்டிய இடம் தெரிந்தது.

5. பரிகாரம்

ஜெசிந்தா மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்; குறிப்பு எழுதியதையும் சொன்னேன். வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். எங்கள் பேச்சைப் பக்கத்துக் கட்டிலில் பேச்சியம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் கையில பவுடர்ன்னீக," என்றார் ஜெசிந்தா. "ஒங்க நெத்தியில டப்பாவே இருந்திருக்கு."

"ஆமாம் அம்மா. தவறு என்னுடையது. பொறுத்துக்கொள்ள வேண்டும்."

அவர் சிறிது நேரம் என்னை நிற்கவைத்தார். அது எனக்கு வேண்டியதுதான். பிறகு சொன்னார்: "எங்க கோயில்ல செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனா சாமியாரு ஒரு பரிகாரம் சொல்லுவாரு. ஒங்களுக்கும் உண்டு. இனி எங்க வார்டு சாம்பிள நீங்களே வந்து வாங்கிட்டுப் போகணும். ஆளுக்காகக் காத்துக் காத்து எனக்குக் காலு வீங்குது."

"தினமுமா?"

"இல்ல, தீவாளிக்கு தீவாளி. என்னய்யா கேள்வி இது?"

பேச்சியம்மாள் கட்டிலில் இருந்தபடி தீர்ப்புக்குத் துணைநின்றார். "ஏ ஜெசிந்தா, அது சரியான தண்டன! நடக்கட்டும், ஒடம்புக்கும் நல்லது."

இந்தத் தண்டனையால் ஒரு நன்மையும் விளைந்தது. பதினொரு மணிக்கு வந்த குழாய்கள் ஒன்பதரைக்கே வரத்தொடங்கின. முப்பத்தோராண்டில் யாருக்கும் தோன்றாத ஏற்பாடு அது.

ஃப்ரீசர்க் குழாய்களை மறுநாள் காலை எடுத்தோம். பச்சைத் தொப்பி என் தலையில். கண்ட்ரோலைத் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வைத்தேன். ஷாஹிதா பக்கத்தில் நின்று எழுதினார். ஒரு குழாயின் மூடி சரியாக அமரவில்லை, அதை விட்டுவிட்டோம். மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. தகரக் கூரைகள் இறங்கின. மூச்சுத் திணறிக் கிடந்த பெண்களின் எண்கள், ஆண்கள் வார்டில் அவர்களைப்போல் கிடந்தவர்களின் எண்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. பாதி முடிந்தபோதே ஷாஹிதாவின் எழுத்து பெரிதாகிக்கொண்டே போனதைக் கவனித்தேன். கடைசி எண்ணை ஏறக்குறைய அரைப் பக்கத்துக்கு எழுதினார்.

"அய்யா, இன்னைக்கு அந்தப் பாட்டச் சத்தமாவே பாடுங்க," என்றார்.

பாடினேன். தொப்பியோடு.

பத்தாம் நாள் ஷாஹிதா பேராசிரியர்முன் பழைய எண், புதிய எண், பிளாங்க் எண் மூன்றையும் ஒளிக்காமல் வைத்தார். பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கூரத் தகரத்த எறக்கியாச்சா? சரி, எழுதும்மா," என்றாராம். தலைப்பு மாறவில்லை. ஷாஹிதா தம் பேட்ச்சோடேயே பரீட்சை எழுதினார். அவருடைய அத்தா, அதாவது தந்தையார், ஏலக்காய் மணக்கும் ஒரு பையோடு ஆய்வகத்துக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். கெடுத்தவனும் நான்தான் என்று அவரிடம் சொல்ல நாலு முறை முயன்றேன். "புள்ள எல்லாம் சொல்லுச்சு, எல்லாம் சொல்லுச்சு," என்று சிரித்தார்.

6. இருப்பதும் எட்டுவதும்

பேச்சியம்மாள் ஒன்பதாம் நாள் வீடு சென்றார். அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வந்தவர், ஒரு கூடைத் திராட்சையோடு நேராக என் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். ஷாஹிதாவும் அங்கிருந்தார்.

"நல்லாக் கழுவித் தின்னுங்க. மருந்தடிச்சிருக்கு. அந்த டப்பாவுலயும் சிங்க்குன்னுதான் போட்டிருக்கு, அப்புறம் என்னயச் சொல்லக் கூடாது," என்று கூடையை வைத்தார். "அது கெடக்கட்டும். எனக்கு சிங்க் கூடவா, கொறவா?"

"கொறவுதான் ஆத்தா," என்றார் ஷாஹிதா. "முதல்ல கூடன்னு வந்தது எங்க தப்பு."

"அப்ப நெல்லுக்கு மாதிரி எனக்கும் ரெண்டு கரண்டி போட்டிருந்தா வெரசா எந்திருச்சிருப்பேனா?"

இவ்விடத்தில் டாக்டர் சொன்ன விடையை நான் பொன்போல் வைத்திருக்கிறேன். "அது தெரியாது ஆத்தா. எங்க வார்டுல கொறஞ்சு இருந்தவுக கூட நாள் படுத்திருந்தாக. அத மட்டுந்தான் நா பாத்தேன். கொறஞ்சதுனால நோவு கூடுச்சா, நோவு கூடுனதுனால கொறஞ்சுச்சான்னு இத வச்சுச் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தா ஒடம்பே சிங்க்க ரத்தத்துல இருந்து இழுத்து ஈரல்ல வச்சுக்கிரும். ரத்தத்துல இல்லேன்னா ஒடம்புல இல்லேன்னு ஆகாது."

பேச்சியம்மாள் தலையாட்டினார். வியப்பே இல்லை. "வயல்லயும் அதான? தண்ணி தேங்கிக் கெடந்தா மண்ணுல சிங்க் இருக்கும், பயிருக்கு எட்டாது. எல பழுத்துருச்சேன்னு மூட்ட மூட்டயாக் கொட்டுவாக. மொதல்ல தண்ணிய வடிய விடணும்."

ஷாஹிதா என்னைப் பார்த்தார். "அய்யா, இத தீசிஸ்ல எப்பிடி எழுதறது?" என்றார். எழுதவில்லைதான். ஆனால் வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வி வந்தபோது, குச்சனூர் வயலை மனத்தில் வைத்துக்கொண்டே பதில் சொன்னதாகப் பின்னால் கூறினார்.

இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. என் பழைய பட்டியலில் கையுறை இருந்தது, பஞ்சு இருந்தது, தட்டுகூட இருந்தது. சோதிப்பவன் பெயர் இல்லை. ஓய்வுபெறும் முன் அதைத் திருத்தி எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டினேன். இப்போது முதல் வரி: 'சோதிப்பவர்'. இரண்டாம் வரி: 'கண்ட்ரோல், காலையிலும் பிற்பகலிலும்'. நீறு பூசுவதை நான் விடவில்லை. பிற்பகலில் பொடியாகவே பூசி, அதன்மேல் தொப்பியை இழுத்துக்கொண்டேன். நெற்றிக்கும் குழப்பமில்லை, குழாய்க்கும் குழப்பமில்லை.

பணியின் இறுதி வாரத்துப் புதன்கிழமை, வழக்கத்துக்கு மாறாக ஜெசிந்தாவே குழாய்த் தட்டோடு என் வாசலில் நின்றார். "இந்த வாரத்தோட போறவரு, பரிகாரம் தீந்துச்சுன்னு சொல்ல வந்தேன்," என்றபடி உள்ளே கால் வைக்கப் போனார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் நெற்றியில், காலைப் பூசையில் பங்குத்தந்தை இட்டுவிட்ட சாம்பல் சிலுவை. சாம்பல் புதன். காய்ந்த சாம்பல்.

இழுப்பறையைத் திறந்து இன்னொரு பச்சைத் தொப்பியை எடுத்து அவர்முன் நீட்டினேன்.

ஒரு நொடி விழித்தார். பிறகு கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"மாதாவே!" என்று சிரித்துக்கொண்டே தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, தொப்பியை வாங்கிப் புருவம்வரை இழுத்து மாட்டினார். "பழிக்குப் பழியா அய்யா?"

"இல்லை சிஸ்டர்," என்றேன். "பட்டியலில் முதல் வரி."